பழைய நிரல்களும் புதிய வாயில்களும்

அலுவலகம் ஒன்றிலே இருபது முப்பது ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கைத் தவறாது பார்த்து வரும் பழைய கணனி நிரல் ஒன்று, ஒருநாட் காலையில் வழக்கம்போல வெளியேயுள்ள வங்கியின் கணனியிடம் ஒரு விவரம் கேட்கின்றது. நேற்றுவரை கேட்டதைக் கேட்டபடி தந்த அக்கணனி, இன்று 401 என்னும் மூன்று இலக்கங்களை மறுமொழியாக அனுப்பிவிட்டு வாயிலை அடைத்துக் கொள்கின்றது. 'நீ யார் என்பதை முதலிற் காட்டு' என்பதே அவ்விலக்கங்களின் பொருள். நிரலோ தன் பெயரை எவருக்கும் சொல்லியறியாதது. அதனை எழுதியவர் இளைப்பாறிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. மாத முடிவில் ஊழியர்கள் சம்பளம் பெறவேண்டுமாயின், எவராவது அப்பழைய நிரலுக்கு ஒரு பெயரையும் ஒரு கடவுச்சொல்லையும் கற்றுக் கொடுத்தாக வேண்டும்.

பெயரும் சொல்லுந்தானே, இரண்டு வரி எழுதினால் ஆயிற்று என எண்ணத் தோன்றும். எழுத வேண்டியது பலவேளைகளில் இரண்டு வரியேதான். ஆயின், அந்த இரகசியச் சொல்லை எங்கே வைப்பது, பிறர் கண்ணிற் படாது எவ்வாறு காப்பது, மாற்ற நேர்ந்தால் யார் மாற்றுவது என்னும் வினாக்கள் எழுந்தவுடன் காரியம் பெரிதாகி விடுகின்றது. கணனி அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாக்களோடு போராடி வந்துள்ளனர். அவர்கள் பெற்ற வெற்றிகளிற் பெரும்பாலானவை வாயிலைக் காப்பவனுக்கே கிடைத்தன. வாயிலில் வந்து நிற்பவனுக்குக் கிடைத்தவை சில.

கணனிக்குக் கடவுச்சொல் வந்த கதை அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே தொடங்குகின்றது. 1961ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், ஒரே கணனியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறை ஒன்றைச் செய்து காட்டினர். அக்காலத்துக் கணனி ஓர் அறையையே நிறைத்து நிற்பது. விலையோ பெரும் நிறுவனங்களும் மலைக்கத் தக்கது. ஆகவே, அதன் நேரத்தைச் சிறு சிறு கூறாக்கித் தட்டச்சுப் பொறிகளின் முன் அமர்ந்த பலருக்கும் பங்கிட்டளித்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்புகள் இருந்தமையால், ஒருவருடைய கோப்பை மற்றவர் புரட்டாதிருக்க ஒரு பூட்டு வேண்டியதாயிற்று. அந்தப் பூட்டாகவே கடவுச்சொல் அமைந்தது.

பூட்டு வந்து சில மாதங்களிலே கள்ளத் திறப்பும் வந்து சேர்ந்தது. அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்குக் கிழமைக்கு நான்கு மணி நேரமே கணனி ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் செய்துவந்த ஆய்வுக்கு அது போதவில்லை. 1962ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் ஓர் உபாயங் கண்டார். கோப்பொன்றை அச்சிடுக என்னும் வேண்டுகோளைத் துளையிட்ட அட்டையிற் பொறித்துக் கொடுத்தால், கணனி நடத்துவோர் அதனை அச்சிட்டு வைப்பது வழக்கம். ஷேர் கேட்டது கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பை! வெள்ளிக்கிழமை இரவு அட்டையைக் கொடுத்தார். சனிக்கிழமை காலை அச்சுத்தாள் காத்திருந்தது. பிறருடைய பெயர்களிலே புகுந்து, தமது ஆய்வுக்கு வேண்டிய நேரத்தைப் பெற்றுக்கொண்டார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அவர் இதனைக் கோர்பட்டோவிடம் ஒப்புக்கொண்டார்.

1966இலே நிகழ்ந்ததோ இதனினும் வியப்புக்குரியது. அங்கே யாருடைய சூழ்ச்சியும் இருக்கவில்லை. கணனிக்குள் நுழைவோர்க்கு அன்றாடம் காட்டப்படும் அறிவித்தல் ஒரு கோப்பிலும், கடவுச்சொற்கள் மற்றொரு கோப்பிலும் இருந்தன. இரு பொறுப்பாளர்கள் ஒரே வேளையில் அவ்விரு கோப்புகளையும் திருத்த முற்பட்டனர். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரிலே தற்காலிகக் கோப்பை ஆக்கியது. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டது. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவரையும், அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரவேற்றன.

இத்தகைய விபத்துகளுக்கு மாற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கண்டறியப்பட்டது. அங்கு பணியாற்றிய றொஜர் நீடம், கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதி வைப்பது வேண்டாததென எடுத்துக் காட்டினார். திரிகையிலிட்ட அரிசி மாவாகும். மாவை மீண்டும் அரிசியாக்குவார் இலர். அவ்வாறே ஒரு சொல்லைக் கணித முறையினால் உருத்தெரியாது மாற்றி, மாறிய வடிவத்தை மாத்திரம் கணனி வைத்திருந்தாற் போதும். வருபவர் சொல்லும் சொல்லையும் அதே திரிகையிலிட்டு, இரண்டு மாவும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்கலாம். கோப்பு களவு போயினும் கள்வனுக்குக் கிடைப்பது மாவே. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூலொன்றின் வாயிலாக இம்முறை பரவலாக அறியப்பட்டது.

பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் என்னும் இயக்க முறையை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சனும், றொபர்ட் மொறிஸ் என்பவரும் இம்முறையை மேலும் வலுப்படுத்தினர். அவர்கள் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலே ஒரு கணக்கு வருகின்றது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 சொற்கள், அஃதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ அகராதிகளிற் காணப்படுவனவாகவோ, எளிதில் ஊகித்தற்குரியனவாக இருந்தன. மனிதர் தேர்ந்தெடுக்கும் சொல்லின் இயல்பு அத்தகையது. ஒரே சொல்லை இருவர் தேர்ந்தாலும் மாவு வேறுபட வேண்டுமென்பதற்காக, ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு எண்ணொன்றைக் கலந்து அரைக்கும் வழக்கத்தையும் அவர்கள் புகுத்தினர். அந்த எண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர் 'உப்பு'. மாவுக்கு உப்பிடுவது அடுக்களையில் மட்டும் உள்ள வழக்கமன்று போலும்.

இவ்வளவும் காவலனுக்கு உதவிய வித்தை. மாவை மட்டும் வைத்திருக்க அவனால் முடியும். ஆனால் வாயிலில் வந்து நிற்பவன் முழு அரிசியோடு வந்தாக வேண்டும். வந்து நிற்பவர் மனிதராயின் அச்சொல் அவர் நெஞ்சில் இருக்கும். நிரலுக்கு நெஞ்சில்லை, எங்கேனும் எழுதி வைத்ததைத்தான் அது எடுத்துச் சொல்லும். எழுதி வைத்ததை மற்றவரும் படிக்கலாம். பழைய நிரல்களுக்குக் கடவுச்சொல் கொடுக்கப் புகுந்தோரை இன்றுவரை வருத்தும் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கின்றது.

அந்த நிரல்கள் பிறந்த காலத்தில் இச்சிக்கல் எழவேயில்லை. வணிகக் கணக்குக்கென வகுக்கப்பட்ட கொபோல் என்னும் நிரல்மொழி 1959ஆம், 1960ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணனிகளில் ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களை நடத்தும் சி.ஐ.சி.எஸ். என்னும் முறை 1969இல் விற்பனைக்கு வந்தது. வங்கி, காப்புறுதி, விமானப் பயணம், அரசாங்கத் திணைக்களம் எனப் பல துறைகளின் கணக்குகளும் இவற்றின்மீதே ஏறின. கணனி பூட்டிய அறையில் இருந்தது. அதனோடு இணைந்த பொறிகள் பெரும்பாலும் நிறுவனத்துக்குரிய தனிக் கம்பியின் முனையில் இருந்தன. கட்டடத்தின் கதவும் கம்பியும் காவலாயிருந்தமையால், உள்ளே ஒரு நிரல் மற்றொரு நிரலை அழைக்கும்போது 'நீ யார்' என்று கேட்கும் தேவை அரிதாகவே எழுந்தது. வேலியும் படலையும் உள்ள வளவுக்குள்ளே குசினிக் கதவுக்குப் பூட்டுப் போடுவார் எவர்? நிரலாளர் கவலையீனர் என இதுகொண்டு அவர்களைக் குறை கூறுதல் பொருந்தாது. அவர்கள் எழுதியது அவர்கள் கண்ட உலகுக்கு ஏற்றதே. வேலிதான் பின்னர் இல்லாமற் போயிற்று.

வேலியில்லாத உலகம் வருமென முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். மேலே கூறிய நீடமும் மைக்கல் ஷ்ரோடரும் 1978இல், கணனிகள் தம்முள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறையொன்றை வகுத்தனர். அதனை அடியாகக் கொண்டு, 1983இலே தொடங்கிய அதீனா என்னும் திட்டத்தின் கீழ் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தார் 'கேர்பரோஸ்' என்னும் காவல் முறையை ஆக்கினர். கிரேக்கப் பழங்கதையில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. இம்முறையிலே கடவுச்சொல் வலையின்மீது செல்வதேயில்லை. பொது நம்பிக்கைக்குரிய ஒரு கணனி நுழைவுச்சீட்டு ஒன்றைத் தரும். சில மணி நேரத்தில் அச்சீட்டு காலாவதியாகிவிடும். திருடியவனுக்கும் அது நெடுநேரம் பயன்படாது. இந்த நல்ல எண்ணம் நெடுங்காலம் பல்கலைக்கழகங்களினதும் நிறுவனங்களினதும் உள்வளவிலேயே தங்கிவிட்டது.

உலகளாவிய வலை தேர்ந்தெடுத்தது எளிய வழியை. ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்திலே ரிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த அவ்வலையின் பரிமாற்ற விதிகள், 1996 மே மாதத்தில் ஏட்டுருப் பெற்று வெளியாயின. 'அடிப்படை அடையாளங் காட்டல்' என்னும் முறையொன்று அவற்றுள் இடம்பெற்றது. பெயரையும் கடவுச்சொல்லையும் இடையே முக்காற்புள்ளியிட்டு இணைத்து, வேறோர் எழுத்து வரிசையில் மாற்றியெழுதி, ஒவ்வொரு வேண்டுகோளின் தலைப்பிலும் சேர்த்தனுப்புவதே அம்முறை. மாற்றியெழுதினும் அது மறைப்பு அன்று; எவரும் நொடிப்பொழுதில் திருப்பி வாசித்து விடலாம். இதனால் வரும் ஆபத்தை அவ்விதிகளை எழுதியவர்களே அவ்வேட்டிற் குறித்துள்ளனர். செல்லும் வழியை மூடி மறைக்கும் முறையொன்றை நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட பின்னர் இவ்வாபத்து ஓரளவு தணிந்தது. எனினும் பழைய நிரலுக்கு இரகசியச் சொல் வேண்டும், அது எங்கேனும் எழுதப்பட வேண்டும் என்னும் நிலை மாறவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டை அண்மிய காலத்தில், வலையை மனிதர் படிப்பதற்கு மட்டுமன்றி நிரல்கள் தம்முட் பேசுவதற்கும் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 'சோப்' எனப்பட்ட பரிமாற்ற முறை 1998இல் வகுக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் குறிப்பாக வெளியாயிற்று. செய்தியை ஓர் உறையிலிட்டு, உறைக்குத் தலைப்பும் உடலும் வகுத்த அவ்வேட்டிலே, வந்திருப்பவர் யார் என்பதை நிலைநாட்டும் வழி கூறப்படவில்லை. அக்குறையை நிறைவு செய்ய ஐ.பி.எம்., மைக்ரோசொஃப்ட், வெரிசைன் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2002இல் ஒரு திட்டத்தை வெளியிட்டன. 2004 ஏப்ரலில் அது ஓயாசிஸ் என்னும் அமைப்பின் பொது நியமமாயிற்று. பெயரும் கடவுச்சொல்லும் உறையின் தலைப்பில் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்பதை அது வரையறுத்தது.

இந்நியமத்திலே ஒரு நூதனமும் உண்டு. ஒரு பின்னடைவும் உண்டு. கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாது, ஒருமுறை மட்டும் பயன்படும் எண்ணொன்றையும் அவ்வேளையின் நேரத்தையும் அதனோடு கலந்து அரைத்து அனுப்பலாம் என்றனர். வழியிலே எவராவது அதனைப் பிடித்தாலும் மறுமுறை பயன்படுத்த இயலாது. நூதனம் அது. ஆயின், அதனைச் சரிபார்க்க வேண்டுமாயின் காவலனும் அதே கலவையை அரைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவனிடம் கடவுச்சொல்லோ அதற்கு நிகரான ஒன்றோ இருந்தாக வேண்டும். 1960களில் நீடம் காவலனிடமிருந்து எடுத்தெறிந்த அரிசி மூடை மீண்டும் அவன் தலைமீது ஏறிற்று. மேலும், சில நிமிடங்களுக்கு மேற்பட்ட பழைய நேரம் குறித்த செய்தி தள்ளப்படுவதால், பழைய கணனியின் கடிகாரம் பிந்தி ஓடினால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது போகும்.

பழைய நிரல்களைத் தொடாமலே அவற்றின் அழைப்பிற் பெயரும் சொல்லும் சேர்ப்பது எவ்வாறு? இதற்கு அக்காலத்தார் கண்ட வழி பாராட்டத்தக்கது. ஐ.பி.எம். நிறுவனம் 2005இல் வெளியிட்ட சி.ஐ.சி.எஸ். பதிப்பு, பெருங்கணனியிலுள்ள கொபோல் நிரல் வெளியுலகின் வலைச் சேவையை அழைக்க இடமளித்தது. நிரல் அனுப்பும் செய்தி வெளியேறு முன் ஒரு குழாய்வழியே செல்லும். அக்குழாயில் இடையிடையே சிறு கையாள் நிரல்களைப் பொருத்தலாம். கடிதம் எழுதியவர் முத்திரை ஒட்டாது விட்டாலும், தபாற்கந்தோருக்குக் கொண்டு செல்பவர் ஒட்டிவிடுவதைப் போல, கையாள் நிரல் உறையின் தலைப்பில் வேண்டிய பெயரையும் சொல்லையும் செருகிவிடும். கொபோல் நிரலில் ஓர் எழுத்தும் மாறாது. முப்பது ஆண்டுகளாகப் பிழையின்றி ஓடும் நிரலைத் திறந்து திருத்துவதிலுள்ள அபாயத்தை அறிந்தோர்க்கே இதன் அருமை விளங்கும். இரகசியம் இருக்கவேண்டிய இடமும் இதனால் ஒன்றாகச் சுருங்கிற்று. கடவுச்சொல் மாறினால் அந்த ஓரிடத்தில் மாற்றினாற் போதும்.

எல்லோரும் இவ்வளவு பொறுமையோடு செயற்பட்டனர் எனக் கூறவியலாது. அவசரத்தில் இருந்தோர் கடவுச்சொல்லை நிரலின் உள்ளேயே எழுதினர். நிரல் பிரதி செய்யப்பட்டபோதெல்லாம் இரகசியமும் உடன் சென்றது. நிரல்களைப் பொதுவிலே சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் தளங்கள் தோன்றிய பின்னர் இதன் விளைவு பெரிதாயிற்று. வாடகை வாகனச் சேவை நடத்தும் ஊபர் நிறுவனத்திலே 2014இல், பொறியியலாளர் ஒருவர் கிட்ஹப் என்னும் தளத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இட்ட நிரலுடன் தரவுக் களஞ்சியத்தின் திறப்பும் வெளியாயிற்று. 2016இல் அதே நிறுவனத்தின் தனிப்பட்ட நிரற் சேமிப்பினுள் புகுந்தோர் அங்கும் ஒரு திறப்பைக் கண்டெடுத்தனர். 5 கோடியே 70 இலட்சம் பயணிகளினதும் சாரதிகளினதும் விவரங்கள் அதனாற் களவாடப்பட்டன. இந்நிகழ்ச்சி 2017 நவம்பரிலேயே உலகுக்குத் தெரிய வந்தது. எவரும் பூட்டை உடைக்கவில்லை. வாசற்படியிற் கிடந்த திறப்பை எடுத்துத் திறந்தனர்.

ஆகவே, கடவுச்சொல்லையே கொடுக்காது காரியம் நடத்தும் வழியை மீண்டும் தேடினர். கேர்பரோஸின் பழைய நுழைவுச்சீட்டு புதிய கோலத்தில் திரும்பி வந்தது. 2007 டிசெம்பரில் வெளியான 'ஓ-ஓத்' என்னும் முறையில், நிரலுக்குக் கிடைப்பது கடவுச்சொல் அன்று. இன்ன காரியத்துக்கு மாத்திரம் என வரையறுக்கப்பட்ட ஒரு சீட்டு. வேண்டாத வேளையில் அச்சீட்டை மட்டும் செல்லாததாக்கலாம். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. டுவிட்டர் நிறுவனம் 2010 ஓகஸ்ட் மாத முடிவிலே பழைய அடிப்படை முறையை முற்றாக நிறுத்தியபோது, பெயரும் சொல்லும் அனுப்பியே பழகிய நிரல்கள் ஊமையாயின. பராமரிப்பார் உள்ளவை திருத்தப்பட்டன. ஏனையவற்றுட் பல அன்றோடு முடிந்தன.

இச்சீட்டு முறையும் பழைய நிரல்களை எண்ணி எழுந்ததன்று. சீட்டைப் பெற, உரியவர் வலைப்பக்கத்திலே தோன்றி 'ஆம், இந்நிரலுக்கு அனுமதி அளிக்கின்றேன்' எனச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் ஆளில்லா அறையில் ஓடும் கணக்கு நிரலுக்கு அனுமதி சொல்ல எவர் இருப்பார்? 2012 ஒக்டோபரில் வெளியான இரண்டாம் பதிப்பில், நிரல் தன் சொந்தப் பெயரிலே சீட்டுக் கேட்கும் முறையும் வகுக்கப்பட்டது. அங்கும் நிரல் முதலில் ஓர் இரகசியத்தைக் காட்டியே சீட்டைப் பெறுகின்றது. அந்த இரகசியம் எங்கே இருக்கும் என்னும் பழைய வினா மறையவில்லை. ஆனால் அதன் கூர் மழுங்கியது. களவு போவது ஒரு மனிதரின் முழுத் திறப்புக் கோவையன்று, ஓர் அறையின் திறப்பு மாத்திரமே.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தனது வலைவழி அஞ்சற் சேவையிலே அடிப்படை முறையை நிறுத்த முயன்ற கதை, பழைய நிரல்களின் பிடிவாதத்துக்கு நல்ல சான்று. 2020 ஒக்டோபர் 13ஆந் திகதியோடு அது நிறுத்தப்படும் என 2019 செப்டெம்பரில் அறிவித்தனர். அஞ்சற் பெட்டியைத் திறந்து படிக்கும் பழைய கணக்கு நிரல்களும், கூட்ட நாட்களைக் குறித்துவைக்கும் நிரல்களும், எத்தனையோ அலுவலகங்களில் எவரோ எழுதிவிட்டுச் சென்ற சிறு நிரல்களும் அச்சேவையைப் பெயரும் சொல்லும் அனுப்பியே அழைத்து வந்தன. கொரோனாப் பெருந்தொற்று வந்தது. நாள் 2021க்குத் தள்ளப்பட்டது. அதுவும் கடந்து, 2022 ஒக்டோபர் 1ஆந் திகதி என முடிவாயிற்று. அன்று தொடங்கியும், தவித்தோர் கேட்டுக் கொண்டால் அவ்வாண்டு இறுதிவரை ஒருமுறை திறந்து விடுவதாகத் தவணை கொடுத்தனர். 2023 சனவரியிலேதான் வாயில் நிரந்தரமாக அடைந்தது. தங்கள் அலுவலகத்தில் இன்ன நிரல் இருக்கின்றது என்பதையே, அது ஊமையான அன்று அறிந்தோரும் உண்டு.

அப்போதும் ஒரு சிறு படலை திறந்தே இருந்தது. அலுவலக மூலைகளில் நிற்கும் பிரதி எடுக்கும் பொறிகளும், எச்சரிக்கை அனுப்பும் கருவிகளும், பழைய நிரல்களும் கடிதம் வெளியே அனுப்பப் பயன்படுத்தும் வழி அது. அப்பொறிகளுக்குச் சீட்டுக் கேட்கத் தெரியாது; கற்றுக் கொடுப்பாரும் இலர். எனவே அதனை மூடாது விட்டனர். அதுவும் 2025 செப்டெம்பரில் மூடப்படும் என மைக்ரோசொஃப்ட் 2024 ஏப்ரலில் அறிவித்தது. அந்த நாளும் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது.